கட்டைவிரலுக்கு எத்தனை வேலை?

நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் கன்சோலின் எடை, இருபுறமும் மாட்டிய கன்ட்ரோலர்களோடு சேர்த்து, சுமார் 398 கிராம். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 669 கிராம். கணக்குப்படி ஸ்டீம் டெக்கைப் பிடித்திருப்பவருக்குத்தான் கை முதலில் வலிக்க வேண்டும். இரண்டிலும் ஆடிப் பார்த்தவர்களில் பலர் சொல்வதோ நேர்மாறாக இருக்கிறது. ஸ்விட்சில் ஒரு மணி நேரம் ஆடினால் உள்ளங்கை கடுக்கிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது. எடை கூடிய ஸ்டீம் டெக் கையில் பாந்தமாக உட்கார்ந்துகொள்கிறது.

காரணம் தடிமனில் இருக்கிறது. ஸ்விட்சின் உடல் 13.9 மி.மீ. தட்டை. ஸ்டீம் டெக் கைப்பிடிப் பகுதியில் புடைத்து, 49 மி.மீ. வரை போகிறது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நெடுந்தூரம் நடக்கிறவரிடம், அதே குடத்தை விளிம்பில் விரல் கொடுத்துத் தூக்கச் சொன்னால் பத்தடியில் இறக்கிவைத்துவிடுவார். பாரம் அதேதான், தாங்கும் இடம் மாறிவிட்டது. கையடக்க கன்சோல்களுக்கென்று தனியாக விற்கும் கிரிப் கன்ட்ரோலர்கள் செய்வது இதைத்தான். பாரத்தை விரல் நுனியிலிருந்து உள்ளங்கைக்கு மாற்றுகின்றன. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த எளிய மாற்றத்துக்குப் பின்னால் உடற்கூறியலிலிருந்து குவாண்டம் இயற்பியல் வரை எத்தனையோ அறிவு வேலை செய்கிறது.

கைக்கு இரண்டு பிடிகள்

ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. ஆனால் விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டும் தசை கிடையாது. அந்தத் தசைகளெல்லாம் உள்ளங்கையிலும் முன்கையிலும் இருந்துகொண்டு, தசைநாண்கள் வழியாக விரல்களை இழுக்கின்றன. இடது முன்கையை வலது கையால் பற்றிக்கொண்டு இடது விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே தசை புரள்வது தெரியும். விரலில் நடக்கும் விளையாட்டின் உழைப்பு முன்கையில் நடக்கிறது. நெடுநேரம் ஆடியபின் முன்கை கனப்பது இதனால்தான்.

1956-இல் ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், மனிதக் கை பொருள்களைப் பற்றும் எண்ணற்ற விதங்களை இரண்டே வகைக்குள் அடக்கிக் காட்டினார். சுத்தியலைப் பிடிக்கிறோமே, அது ‘வலுப்பிடி’: விரல்கள் மடங்கிப் பொருளை உள்ளங்கையோடு சேர்த்து அழுத்துகின்றன. ஊசியைப் பிடிப்பது ‘நுண்பிடி’: கட்டைவிரலும் எதிர்விரலும் நுனியால் பற்ற, உள்ளங்கை ஒதுங்கி நிற்கிறது. வலுப்பிடியில் பலம் அதிகம், நுணுக்கம் குறைவு. நுண்பிடியில் நுணுக்கம் அதிகம், தாங்கும் சக்தி குறைவு. பொருளின் வடிவத்தைவிட, அதைக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதே பிடியைத் தீர்மானிக்கிறது என்பதுதான் நேப்பியரின் முக்கியமான கண்டுபிடிப்பு.

கேம் கன்ட்ரோலர் இந்த இரண்டையும் ஒரே கையிடம் ஒரே நேரத்தில் கேட்கிறது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் உள்ளங்கையோடு சேர்ந்து பொருளைத் தாங்க வேண்டும். கட்டைவிரல் ஸ்டிக்கையும் பட்டன்களையும் இயக்க வேண்டும். ஆட்காட்டி விரல் மேல்விளிம்புப் பட்டன்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நுண்மை, மற்ற மூன்றுக்கும் வலு. வேலைப் பிரிவினை ஒழுங்காக நடந்தால் கை களைப்பதில்லை.

தட்டையான கன்சோலில் இந்தப் பிரிவினை குலைகிறது. வலுப்பிடிக்கு ஏறக்குறைய 3 முதல் 5 செ.மீ. குறுக்களவுள்ள பிடி தேவை என்பது கைக்கருவி வடிவமைப்பாளர்களின் பொது விதி. 14 மி.மீ. தடிமனில் அந்த மூன்று விரல்கள் சுற்றி வளைக்க எதுவுமே இல்லை. வெறும் விளிம்புதான் கிடைக்கிறது. அதனால் கன்சோல் விழாமல் இருக்கக் கட்டைவிரலின் அடிப்பகுதியும் சேர்ந்து நெருக்க வேண்டியிருக்கிறது. இயக்க வந்த விரல் தாங்கவும் செய்கிறது. களைப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நழுவுவதற்கு முன்னால்

ஒரு பொருளை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நாம் யோசிப்பதே இல்லை. விரல் நுனித் தோலே அதைக் கணக்கிட்டுக்கொள்கிறது. 1984-இல் ஸ்வீடனின் ரோலண்ட் யோஹான்சன், யோரான் வெஸ்ட்லிங் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். உப்புத்தாள், மென்தோல், பட்டு என்று மேற்பரப்பை மட்டும் மாற்றி மாற்றி ஒரே சிறு பொருளைத் தூக்கச் சொன்னார்கள். வழவழப்பான பட்டைத் தொட்டதும் விரல்கள் தாமாகவே அழுத்தத்தைக் கூட்டின. சொரசொரப்பான உப்புத்தாளில் குறைத்தன. எப்போதும் நழுவும் எல்லைக்குச் சற்று மேலே, சின்னப் பாதுகாப்பு இடைவெளி விட்டே பிடித்தன. விரல் நுனியை மரக்கவைத்தபோது இந்தத் திறமை போய்விட்டது.

இதை கன்சோலுக்குப் பொருத்திப் பார்ப்போம். 400 கிராமில் ஒரு கைக்கு 200 கிராம். விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள உராய்வுக் கெழு, அதாவது பற்றுதலின் அளவு, 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னுமாக இரு பக்கம் நெருக்கிப் பிடிக்கும்போது, நழுவாமல் இருக்க மட்டும் 200 கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டும். வியர்வையால் கெழு 0.25 ஆகக் குறைந்தால் அழுத்தம் 400 கிராமுக்கு ஏறுகிறது. விறுவிறுப்பான கட்டத்தில் கை வியர்க்கிறது. வியர்த்தால் தோல் இன்னும் அழுத்து என்கிறது. ஆட்டக்காரர் அறியாமலே கை இறுகுகிறது.

நல்ல கிரிப்பின் பின்புறத்தில் இருக்கும் சன்னமான வரிகளும் புள்ளிகளும் இங்கேதான் உதவுகின்றன. தோலுக்கு உறுதியான பற்றுதல் கிடைத்தால் முன்கைத் தசை தளர்கிறது. வடிவம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. கைப்பிடி உள்ளங்கையின் குழிவில் வந்து அமர்ந்துவிட்டால், பாரம் உராய்வை நம்பித் தொங்குவதில்லை. விரல்கள் மேல் படுத்துக்கொள்கிறது. நெருக்க வேண்டிய தேவையே பெரிதும் மறைகிறது.

12 மடங்கு

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, ஓர் அபூர்வமான மூட்டு இருக்கிறது. இரண்டு எலும்புகளும் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக வைத்த சேணங்கள் மாதிரிப் பொருந்துவதால் அதற்குச் சேண மூட்டு என்று பெயர். கட்டைவிரல் எல்லாத் திசையிலும் சாய்ந்து சுழன்று மற்ற விரல்களைத் தொடுவது இதனால் முடிகிறது. ஸ்டிக்கை வட்டமாகச் சுழற்ற உலகில் இதைவிடப் பொருத்தமான உறுப்பு கிடையாது.

அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. 1977-இல் வில்லியம் கூனி, எட்மண்ட் சாவோ என்ற இரு ஆய்வாளர்கள் கட்டைவிரல் மூட்டுகளில் உண்டாகும் விசைகளைக் கணக்கிட்டார்கள். நுனியில் 1 கிலோ விசையில் கிள்ளிப் பிடித்தால், அடியிலுள்ள சேண மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ அமுக்கம் விழுகிறது. நெம்புகோல் கணக்குதான் இது. பிடி விழும் இடம் நுனியில், மூட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. இழுக்கும் தசைநாணோ மூட்டுக்கு மிக அருகில் ஓடுகிறது. அந்தக் குறுகிய தூரத்தை ஈடுகட்டத் தசை பல மடங்கு இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் மூட்டை நசுக்குகிறது. நுனியில் கூடுதலாக விழும் ஒவ்வொரு 100 கிராமும் அடியில் ஒரு கிலோவுக்கு மேல் ஆகிவிடுகிறது.

அசையாமல் பிடித்திருப்பதும் உடலுக்கு ஓய்வல்ல. இயற்பியல் பாடப்படி, பொருள் நகராவிட்டால் வேலை நடக்கவில்லை. தசைக்கு அந்தப் பாடம் பொருந்தாது. இறுகிய தசையில் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமாக ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கின்றன. கூடவே, இறுகிய தசை தனக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நெரிக்கிறது. செலவு கூடுகிற நேரத்தில் வரவு குறைகிறது.

மணிக்கட்டின் கதை இன்னும் நெருக்கடியானது. எலும்புகளும் ஒரு கெட்டியான தசைநாரும் சூழ்ந்த குறுகிய பாதை ஒன்று அங்கே இருக்கிறது. ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அதன் வழியாகத்தான் கைக்குள் போகின்றன. மணிக்கட்டு வளையும்போது அந்தப் பாதையில் அழுத்தம் ஏறுகிறது. நம் முழங்கைகள் தோளகலத்துக்கு விரிந்திருக்கின்றன, 24 செ.மீ. அகல கன்சோலைப் பிடிக்க இரு முன்கைகளும் உள்நோக்கிச் சரிகின்றன. கன்சோலின் பக்கங்கள் நேராக நிற்பதால், கோண வித்தியாசம் முழுவதும் மணிக்கட்டில் வளைவாகச் சேர்கிறது. கீழே போகப் போக வெளிப்புறமாக விரியும் கைப்பிடிகள் அந்த வித்தியாசத்தைத் தம் சாய்விலேயே ஏற்றுக்கொள்கின்றன. கிரிப் சாய்ந்திருப்பது அழகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

இந்த வலிகளுக்கு மருத்துவ இதழ்களிலும் இடம் கிடைத்திருக்கிறது. 1990-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ‘நிண்டெண்டினைட்டிஸ்’ என்ற தலைப்பில் ஒரு கடிதம் வெளியானது. ஐந்து மணி நேரம் விடாமல் விளையாடிய 35 வயதுப் பெண்ணுக்கு வலது கட்டைவிரலில் வந்த கடும் வலியைப் பற்றியது அது.

ஜாய்-கான் ஏன் இப்படி இருக்கிறது?

கையடக்கக் கருவிகளில் நிண்டெண்டோவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1980-இல் கேம் அண்ட் வாட்ச், 1989-இல் கேம் பாய் என்று வரிசையாகக் கொண்டுவந்த நிறுவனம் அது. கன்ட்ரோலர்களில் இன்று எங்கும் காணும் சிலுவை வடிவப் பட்டனை, 1982-இல் வந்த ‘டாங்கி காங்’ கேம் அண்ட் வாட்சுக்காக அங்கே வேலை பார்த்த குன்பெய் யோகோய் உருவாக்கினார். கட்டைவிரலை எடுக்காமலே நான்கு திசைக்கும் போகலாம் என்பது அதன் அருமை. அப்படிப்பட்ட நிறுவனம் 2017-இல் ஸ்விட்சைத் தட்டையாக, கிரிப் இல்லாமல் செய்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது.

ஸ்விட்சின் இருபக்க கன்ட்ரோலருக்கு ஜாய்-கான் என்று பெயர். உயரம் 102 மி.மீ., அகலம் 35.9 மி.மீ., எடை 50 கிராம் அளவில். அந்தச் சிறிய கூட்டுக்குள் பேட்டரி, புளூடூத், அசைவை அளக்கும் உணரிகள், அதிர்வுக் கருவி எல்லாம் அடங்கியிருக்கின்றன. வலதுபக்கத்தில் கூடுதலாக ஓர் அகச்சிவப்புக் கேமராவும் உண்டு. கழற்றிக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால், ஒவ்வொன்றும் முழுமையான தனி கன்ட்ரோலர். ஒன்றைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, வாங்கிய இடத்திலேயே இருவர் ஆடலாம். இரண்டும் தனித்தியங்க வேண்டுமென்றால் இரண்டிலும் ஒரு ஸ்டிக்கும் நான்கு பட்டன்களும் வேண்டும். அதனால்தான் யோகோயின் சிலுவைப் பட்டன் இடது ஜாய்-கானில் நான்கு தனிப் பட்டன்களாகப் பிரிந்தது. இருபுறமும் திருப்பிப் பிடிக்க வேண்டிய பொருளில் ஒருபக்கம் புடைத்த கைப்பிடி வைக்கவும் வழியில்லை.

இந்தச் சாமர்த்தியத்தின் சுமை வலது கட்டைவிரலில் விழுகிறது. நான்கு பட்டன்கள் மேலே, ஸ்டிக் கீழே. பட்டனிலிருந்து ஸ்டிக்குக்கு விரல் இறங்குவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நகக்கணு உள்பக்கம் மடங்குகிறது, நுனி உள்ளங்கையை நோக்கிப் பின்வாங்குகிறது, அடிமூட்டு மேலெழும்புகிறது. கட்டைவிரலின் அடிப்பகுதி கன்சோலின் விளிம்பை விட்டு விலகியதும் பிடி தளர்கிறது. உடனே சுண்டுவிரல் கீழ்விளிம்புக்கு அடியில் போய் முட்டுக்கொடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மரத்துப்போவது அந்தச் சுண்டுவிரல்தான்.

ஜப்பானின் ஹோரி நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த ‘ஸ்ப்ளிட் பேட் புரோ’ இந்த முடிச்சைத் துணிச்சலாக அவிழ்த்தது. ஜாய்-கான் தனித்தியங்க வேண்டும் என்ற நிபந்தனையையே கைவிட்டது. பேட்டரி இல்லை, புளூடூத் இல்லை. கன்சோலின் பக்கவாட்டில் உள்ள தண்டவாளத்தில் செருகினால் அங்கிருந்தே மின்சாரம் வாங்கிக்கொள்ளும், கழற்றினால் இயங்காது. மிச்சமான இடமும் சுதந்திரமும் முழுக்கக் கைக்குப் போயின. கொழுத்த கைப்பிடி வந்தது. ஸ்டிக் பெரிதானது. பட்டன்கள் விலகி உட்கார்ந்தன. இடப்பக்கம் சிலுவைப் பட்டன் திரும்பியது. பின்புறத்தில், சும்மா இருந்த நடுவிரலுக்கும் ஒரு பட்டன் கிடைத்தது. ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்ற பொறியியலின் ஆதார விதியை இவ்வளவு தெளிவாகக் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு அரிது.

ஸ்டிக்குக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

ஸ்டிக்கின் உயரத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஸ்டிக் மையத்திலிருந்து 20 பாகை சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுழலும் புள்ளியிலிருந்து விரல் படும் இடம் 10 மி.மீ. உயரத்தில் இருந்தால், கோடி வரை போக விரல் 3.5 மி.மீ. நகர வேண்டும். உயரம் 15 மி.மீ. என்றால் 5.2 மி.மீ. எந்த மனிதக் கையும் முழுக்க அசையாமல் நிற்பதில்லை. நொடிக்கு 8 முதல் 12 முறை மிக மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கிறது. விரல் அரை மி.மீ. பிசகினால், குட்டையான ஸ்டிக்கில் அது ஏழில் ஒரு பங்குப் பிழை. உயரமான ஸ்டிக்கில் பத்தில் ஒரு பங்கு. குறிபார்த்துச் சுடும் ஆட்டங்களை ஆடுவோர் உயரமான ஸ்டிக்கை விரும்புவதில் அர்த்தம் இருக்கிறது.

விரலின் இந்த அசைவை எண்ணாக மாற்றுவது எப்படி? ஜாய்-கானில் இருப்பது பழைய வழி. பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழுக்குள் இருக்கும் அதே பாகம், மிகச் சிறிய உருவில். கரிப்பூச்சுத் தடம் ஒன்றின் மேல் உலோக நாக்கு உரசிக்கொண்டே நகர்கிறது. நாக்கு நிற்கும் இடத்துக்கு ஏற்ப மின்தடை மாறுகிறது. இடவலத்துக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் நிலையும் 0 முதல் 4095 வரையிலான எண்ணாகி, நொடிக்குப் பலமுறை கன்சோலுக்குப் போகிறது.

உரசும் பொருள் தேயும். கரித்தடம் தேய்ந்து துகள் சேர்ந்தால், விரலே படாதபோதும் எண் மையத்தில் நிற்காமல் அலைகிறது. திரையில் வீரன் தானாக நடக்கத் தொடங்குவான். ஆட்டக்காரர்கள் இதை ‘ட்ரிஃப்ட்’ என்கிறார்கள். ஜாய்-கான்களில் இந்தப் புகார் பெருகி, 2020 ஜூனில் நிண்டெண்டோவின் தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்தார்.

இதற்கு மாற்று 1879-இலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அதைக் காந்தத்தின் நடுவே வைத்தார். ஓடும் மின்னூட்டத்தைக் காந்தப்புலம் பக்கவாட்டில் தள்ளியது. தகட்டின் இரு ஓரங்களுக்கு இடையே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றியது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு 18 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. இந்த ‘ஹால் விளைவு’ இன்று ஸ்டிக்கின் அடியில் வேலை செய்கிறது. ஸ்டிக்கோடு ஒரு குட்டிக் காந்தம் அசைகிறது. சற்றுத் தள்ளி இருக்கும் உணரி, காந்தப்புலம் மாறுவதை வைத்து நிலையைச் சொல்கிறது. அளக்கும் இடத்தில் எதுவும் எதையும் தொடுவதில்லை. எனவே அங்கே தேய எதுவும் இல்லை. சேகா நிறுவனம் 1998-இல் தன் ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இதைப் பயன்படுத்திவிட்டது.

அடுத்த தலைமுறைக்கு ‘டி.எம்.ஆர்.’ என்று பெயர். இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே, சில அணுக்களின் தடிமனே உள்ள மின்கடத்தாப் படலம் ஒன்று. அன்றாட அறிவின்படி அதைக் கடந்து மின்சாரம் போகக் கூடாது. குவாண்டம் விதிப்படி எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிப் போகின்றன. இரு காந்தப் படலங்களும் ஒரே திசை நோக்கினால் எளிதில் ஊடுருவுகின்றன, எதிரெதிராக நின்றால் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தின் அளவே ஸ்டிக்கின் நிலை. இந்த விளைவை அறை வெப்பநிலையில் வலுவாகக் காட்டிய வெற்றி 1995-இல் இருவருக்குக் கிடைத்தது. ஒருவர் ஜப்பானின் தெருநொபு மியாசாகி. மற்றவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்த ஜெகதீஷ் மூடேரா, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். கணினி ஹார்டு டிஸ்க்குகளில் தரவைப் படித்த அதே இயற்பியல், இன்று விரலின் சாய்வைப் படிக்கிறது. ஹால் உணரியைவிடக் குறைந்த மின்சாரத்தில் நுட்பமாக அளப்பது இதன் சிறப்பு.

அதிர்வும் சாய்வும்

கிரிப் தேடும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது அதிர்வு. 1997-இல் நிண்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த ‘ரம்பிள் பேக்’ போன்றவற்றில் ஒரு மோட்டார், ஒருபக்கம் கனத்த எடையைச் சுழற்றிக் கையைக் குலுக்கியது. ஜாய்-கானில் இருப்பது வேறு. சுருள்வில்லில் தொங்கும் எடையைக் காந்தச் சுருள் முன்னும் பின்னும் ஆட்டுகிறது. வேகத்தையும் வலிமையையும் தனித்தனியே நொடிப்பொழுதில் மாற்றலாம். நம் தோலின் ஆழத்தில் பாசினியன் நுண்ணுறுப்புகள் என்ற அதிர்வு உணரிகள் இருக்கின்றன. நொடிக்கு 250 அதிர்வுகள் அளவில் அவை மிகக் கூர்மையாக உணர்கின்றன. அந்த எல்லையில் சரியான தாளத்தில் தட்டினால், இல்லாத பொருளையும் கை உணரும். 2017 ஜனவரியில் ஸ்விட்சை அறிமுகப்படுத்தியபோது, கண்ணாடித் தம்ளருக்குள் பனிக்கட்டிகள் விழுந்து மோதும் உணர்வை இதனால் தர முடியும் என்று நிண்டெண்டோ சொன்னது.

இரண்டாவது, சாய்வை அறியும் ஜைரோஸ்கோப். 1852-இல் ஃபூக்கோ இந்தப் பெயரைச் சூட்டியபோது அது கனத்த சுழல்சக்கரம். இப்போது அது ஒரு சில்லுக்குள் அதிரும் சிலிக்கான் துண்டு. கருவியைத் திருப்பினால் அந்தத் துண்டு தன் அதிர்வுப் பாதையிலிருந்து அணுவளவு விலகுகிறது. அந்த விலகலை மின்தேக்கத்தின் மாற்றமாக அளக்கிறார்கள். ஆட்டத்தில் வில்லால் குறிவைக்கும்போது மணிக்கட்டைத் துளி அசைத்துக் குறியைச் சரிசெய்ய இது உதவும். முதலில் வந்த ஸ்ப்ளிட் பேட் புரோவில் அதிர்வும் இல்லை, ஜைரோவும் இல்லை. அதன்பின் வெவ்வேறு நிறுவனங்கள் கொண்டுவந்த கிரிப்கள் சிலவற்றில் இரண்டும் உண்டு. நீங்கள் ஆடும் ஆட்டத்துக்கு எது வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

சராசரிக் கை என்று ஒன்றில்லை

ஒரு கிரிப்பை ஒருவர் ஆகா என்று புகழ்கிறார், மற்றவர் ஒரே நாளில் விற்றுவிடுகிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். அமெரிக்க விமானப்படையில் ஆய்வாளராக இருந்த கில்பர்ட் டேனியல்ஸ், 4,063 விமானிகளின் உடல் அளவுகளை ஆராய்ந்து 1952-இல் ஓர் அறிக்கை எழுதினார். உயரம், மார்பளவு, கைநீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் சராசரியை ஒட்டியவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. சராசரி விமானிக்கென்று செய்த இருக்கை எந்த விமானிக்கும் பொருந்தாது என்று ஆனது. விமானத்தில் நகர்த்திக்கொள்ளும் இருக்கைகளும் மிதிகளும் வருவதற்கு அந்தச் சிந்தனை வழிவகுத்தது.

கைக்கும் அதே நியாயம். உள்ளங்கை அகலம், கட்டைவிரல் நீளம், விரல்களுக்கு நடுவே உள்ள விரிவு ஆகியவை எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை. நீண்ட விரலும் ஒடுங்கிய உள்ளங்கையும் உள்ளவருக்குப் பெரிய கைப்பிடி நன்றாக இருக்கும். குட்டைக் கட்டைவிரல்காரருக்கு அதே கைப்பிடியில் மேல் பட்டன் எட்டாது. எட்டிப் பிடிக்க ஒவ்வொரு முறையும் பிடியைத் தளர்த்துவார். ஹோரி பிறகு ஸ்ப்ளிட் பேட் காம்பாக்ட் என்று சிறிய வடிவம் ஒன்றையும் விற்கத் தொடங்கியதற்கு இதுவே காரணமாகப் போதும்.

வாங்கும் முன்

முதலில் பொருத்தத்தைப் பாருங்கள். 2025 ஜூன் 5-இல் வந்த ஸ்விட்ச் 2, ஜாய்-கான்களைத் தண்டவாளத்தில் செருகாமல் காந்தத்தால் ஒட்டவைக்கிறது. பழைய ஸ்விட்சுக்காகச் செய்த கிரிப்கள் அதில் மாட்டாது. அதன் எடையும் கன்ட்ரோலர்களோடு 534 கிராமாக ஏறியிருப்பதால், நல்ல பிடியின் தேவை முன்னைவிடக் கூடியிருக்கிறது. ஸ்விட்ச் லைட்டில் கன்ட்ரோலர்கள் உடலோடு ஒட்டியவை. அதற்குக் கழற்றி மாட்டும் கிரிப் கிடையாது, உறை போல மாட்டும் கைப்பிடிகள்தான் உண்டு.

அடுத்து ஸ்டிக். ஹால் அல்லது டி.எம்.ஆர். என்று குறிப்பிட்டிருந்தால் தேய்மானக் கவலை பெருமளவு குறையும். பிறகு பின்புறப் பட்டன்கள். ஓடிக்கொண்டே குதிக்க வேண்டிய ஆட்டத்தில், குதிக்கும் வேலையை நடுவிரலுக்கு மாற்றிவிட்டால் கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு எழவே வேண்டியதில்லை. கன்சோலின் இரு பக்கங்களையும் கிரிப் எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதையும் கவனியுங்கள். இணைப்பில் ஆட்டம் இருந்தால், அதை அடக்கக் கை மறுபடி இறுகும். கன்சோல் இல்லாமல் போனிலேயே ஆடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்குகள் அப்படியே பொருந்தும். போன் ஸ்விட்சைவிடத் தட்டையானது. அதன் இருபுறமும் மாட்டும் கிரிப்களும் இதே வேலைப் பிரிவினையைத்தான் மீட்டுத் தருகின்றன.

எவ்வளவு நல்ல கிரிப்பும் ஓய்வுக்கு மாற்றாகாது. நெரிந்த ரத்தக் குழாய்கள் விரிய, அவ்வப்போது கருவியைக் கீழே வைத்துக் கையை உதறினாலே போதும். வலி நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

கடையில் செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. இதுவரை சொன்ன எல்லா அறிவியலும் அதில் அடங்கிவிடும். கன்சோலைக் கிரிப்போடு மாட்டி, வழக்கமாக ஆடும் நிலையில் பிடியுங்கள். இப்போது இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் முழுக்கத் தூக்கிவிடுங்கள். மீதி மூன்று விரல்களும் உள்ளங்கையும் மட்டும் சிரமமில்லாமல், திரை சாயாமல் தாங்கினால் அந்தக் கிரிப் உங்களுக்கானது. இனிக் கட்டைவிரலுக்கு ஆடுவது ஒன்றே வேலை. திரை சரிந்தாலோ, சுண்டுவிரல் ஓடிவந்து விளிம்புக்கு முட்டுக்கொடுத்தாலோ, விலை எதுவானாலும் அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுங்கள்.